பிரகதீஸ்வரியின் முப்பது மில்லி

முப்பது மில்லி தண்ணீர் எவ்வளவு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள் பிரகதீஸ்வரி. அன்னவாசல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு வருடங்களாக வேதியியல் ஆய்வக உதவியாளர். அமிலத்தை நீர்த்து வைப்பதும், ப்யூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பதும், உப்புகளைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டுவதும்தான் அவள் வேலை. ஆனால் அந்த முப்பது மில்லியை ஒரு மனுஷி கால்மணி நேரம் உட்கார்ந்து குடிக்க வேண்டியிருக்கும் என்பது நாற்பத்திரண்டாவது வயதில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

வீடு இலுப்பூரில். கணவன் அழகுமலை சொந்தமாக லோடு வண்டி வைத்து மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவன். ஒரே மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார் மூக்காயி.

பிரகதீஸ்வரியின் எடை நூற்று இருபத்தொரு கிலோ. சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, மூட்டுக்கு ஒன்று. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று அழகுமலை பல தடவை எழுப்பி உட்கார வைத்திருக்கிறான். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது ஒன்று நடந்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், இரண்டு மேசைகளுக்கு நடுவே அவள் ஒருக்களித்து நுழைய முயல்வதைப் பார்த்துவிட்டு, "இருங்கம்மா, மேசையக் கொஞ்சம் நகத்திக்குவோம்" என்றார். நல்ல மனுஷன், அன்பாகத்தான் சொன்னார். முப்பது பிள்ளைகள் ப்யூரெட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்கள். இரண்டு பையன்கள் எழுந்து மேசையைத் தூக்கினார்கள். அன்று சாயங்காலமே திருச்சியில் எந்த மருத்துவமனையில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

டாக்டரிடம் அவள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி தைத்துவிடுவோம் என்று அவர் படம் போட்டுக் காட்டினார்.

"எடுத்தத என்ன பண்ணுவீங்க, டாக்டர்?"

"பரிசோதனைக்கு லேபுக்கு அனுப்புவோம்."

"அதுக்கு முன்னாடி நான் பாக்கலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகுமலை எழுந்து வெளியே போய்விட்டான். டாக்டர், போட்டோ எடுத்து வைக்கிறேன் என்றார். சொன்னபடி ஆபரேஷன் முடிந்த மறுநாள் கைபேசியில் காட்டினார். நீளமாக, வளைந்து, பெரிய கத்தரிக்காய் மாதிரி ஒரு தட்டில் கிடந்தது. பிரகதீஸ்வரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். இத்தனை வருடம் தன்னை ஆட்டிவைத்தது இதற்குள் இருந்ததா என்று அவளுக்கு நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வரும்போது சரண்யா என்கிற உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்து அனுப்பினாள். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம் மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், இளநீர், சர்க்கரை போடாத காய்ச்சாறு, தண்ணீர் கலந்த பழச்சாறு, புரதப் பொடி கரைத்த பால். உறிஞ்சுகுழல் கூடாது. சோடாவும் கரும்புச்சாறும் கூடாது. மருந்துக் குப்பியோடு வரும் சின்ன மூடியில் முப்பது மில்லி ஊற்றி, வாய் வாயாகக் கால்மணி நேரம் குடிக்க வேண்டும்.

மூக்காயி அந்த மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியில் தேடி, பேத்திக்குப் பால் புகட்டிய பாலாடையை எடுத்து விளக்கிக் கொண்டுவந்தாள். "இதுல குடிடா ஆத்தா. இது பச்சப்புள்ள வயித்துக்குன்னே செஞ்சது" என்றாள். பிரகதீஸ்வரி அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தாள். இருபத்தெட்டு மில்லி. ஆச்சரியப்பட்டுப்போனாள். அன்றிலிருந்து பாலாடைதான்.

அழகுமலைக்கு மார்க்கெட்டில் எந்தக் காய் எப்போது இறங்கும் என்று தெரியும். விடியற்காலையில் வண்டியில் மிச்சமாகும் வெள்ளைப்பூசணி, சுரைக்காய், வெள்ளரி, தக்காளி என்று கொண்டுவந்து போட்டான். பிரகதீஸ்வரி விடுப்பில் இருந்தாள். சமையலறை அவளுக்கு இன்னொரு ஆய்வகமாகிப்போனது. வெள்ளைப்பூசணியைத் துருவி மல் துணியில் பிழிந்தாள். அப்போதும் சாற்றில் நார் மிதப்பதாகத் தோன்றவே, திருச்சியில் வாங்கி வந்திருந்த வடிதாளைப் புனலில் வைத்து ஊற்றினாள். நூறு மில்லி இறங்க நாற்பது நிமிடம் ஆனது. அது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. சுவையும் கண்ணாடி போலத்தான் இருந்தது. வடிதாளை அதோடு விட்டுவிட்டாள்.

வெள்ளரியும் நாலு புதினா இலையும் போட்ட சாறு குளிர்ச்சியாக இறங்கியது. சாத்துக்குடி அப்படியே குடித்தால் நெஞ்சில் எரிந்தது. ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் எரியவில்லை. முன்பு விரும்பிக் குடித்த கேரட் சாறு இப்போது பச்சை மண் வாசம் அடித்தது. மூக்கு ஏன் இப்படிக் கூர்மையாகிவிட்டது என்று அவளுக்குப் புரியவில்லை. தாளிக்கும் வாசனை வந்தால் கொல்லைப்பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. பீட்ரூட் சாறு குடித்த மறுநாள் காலையில் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனது. அழகுமலை பதறிப்போய் வண்டிச் சாவியை எடுத்தான்.

"ரத்தம் இல்லங்க. பீட்ரூட் சாயம். சில பேருக்கு இப்படிப் போகுமாம்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து குடிக்கிறப்பவே படிச்சிட்டுத்தான் குடிச்சேன். போகுதா இல்லையான்னு பாக்கத்தான்."

அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான்.

அவளை எல்லாவற்றையும்விடக் குழப்பியது பசி இல்லாமல் போனதுதான். வயிறு கேட்கவே இல்லை. கடிகாரம் பார்த்துத்தான் குடித்தாள். ஆனால் காலை பதினொரு மணிக்கு, பள்ளியில் டீயும் வடையும் வரும் நேரத்துக்கு, வீட்டில் இருக்கும்போதும் வாய் எதையோ தேடியது. பசி இல்லாமலே ஆசை வரும் என்பதை அவள் அப்போதுதான் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாள். இத்தனை காலம் தான் தின்றதில் எவ்வளவு பசிக்கு, எவ்வளவு ஆசைக்கு என்று யோசித்தாள். கணக்குக்கு அகப்படவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு காரியம் செய்தாள். அழகுமலை தனக்காக வாங்கி வந்திருந்த கரும்புச்சாறு பையில் பாதி மிச்சம் இருந்தது. அதிலிருந்து இரண்டு பாலாடை ஊற்றிக் குடித்துவிட்டு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டாவது நிமிடம் நெஞ்சு படபடவென்று அடித்தது. முதுகெல்லாம் வேர்த்துச் சேலை ஒட்டிக்கொண்டது. வயிற்றைப் பிசைந்தது. தரையில் படுத்துவிட்டாள். மூக்காயி வந்து தலையை மடியில் எடுத்து வைத்து விசிறினாள். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து சரண்யாவுக்கு போன் போட்டாள்.

"எவ்வளவு குடிச்சீங்க அக்கா?"

"ஐம்பத்தாறு மில்லி."

"கரும்புச்சாறு கூடாதுன்னு தாள்ல போட்டிருந்துச்சுல்ல?"

"போட்டிருந்துச்சு, மேடம். ஏன் கூடாதுன்னு போடல."

சரண்யா சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். "முன்ன உங்க இரைப்பை ஒரு பை. உள்ள போனதக் கொஞ்ச நேரம் வச்சிருந்து விடும். இப்ப அது குழாய். இனிப்புத் தண்ணி நிக்காம சிறுகுடலுக்கு ஓடிடும். அவ்வளவு இனிப்பு திடீர்னு வந்தா, குடல் அதை நீர்க்க வைக்க உடம்புல இருக்க தண்ணிய இழுத்துக்கும். அதான் படபடப்பு, வேர்வை. எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வருதுன்னு இப்ப தெரிஞ்சிருச்சு. இனிமே இந்தச் சோதனை வேணாம். பழத்தச் சாறா பிழியறப்ப நார் போயிருது, இனிப்பு மட்டும் நிக்கிது. பாட்டில்ல அடைச்சு விக்கிறதும் வேணாம். வீட்டுலயே போட்டாலும் காய் முக்கால், பழம் கால்."

பிரகதீஸ்வரி அதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். காரணம் தெரிந்த பிறகு கரும்புச்சாறு அவளை இழுக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பியபோது பதினாறு கிலோ குறைந்திருந்தாள். இரண்டு பாட்டில்களில் சாறு எடுத்துப் போனாள். ஒன்றில் சுரைக்காயும் நெல்லிக்காயும், ஒன்றில் தக்காளியும் புதினாவும். ஆசிரியர்கள் ஓய்வறையில் அவற்றுக்குப் பேர் வந்துவிட்டது. கணக்கு டீச்சர் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியர் அருள்மணி தினமும் ஒரு வாய் ருசி பார்த்தார். மூன்றாவது மாதம் இருபத்தேழு கிலோ குறைந்திருந்தாள். மேசைகளுக்கு நடுவே நேராக நடந்தாள்.

இதற்கிடையில் யாருக்கும் சொல்லாத ஒன்று நடந்திருந்தது. இரண்டாவது மாதம் கெட்டி உணவு தொடங்கச் சொன்னபோது, அவித்த முட்டையை அவசரமாக விழுங்கிவிட்டாள். அது நெஞ்சுக்கு நடுவில் கல்லாக நின்றுகொண்டது. எச்சில்கூட இறங்கவில்லை. அரை மணி நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் வாந்தியெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அதன் பிறகு முட்டையைப் பார்த்தாலே தட்டைத் தள்ளி வைத்தாள். பருப்பும் பனீரும்கூட இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. புரதப் பொடியின் வாடை பிடிக்காமல் டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள். சாறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இறங்கியது. அதனால் சாறே சாப்பாடாகிவிட்டது. வாரம் ஒருமுறை சரண்யா போனில் "முட்டை, பருப்பெல்லாம் போகுதா?" என்று கேட்பாள். "போகுது மேடம்" என்பாள். எதையும் அளந்து பேசுகிற பிரகதீஸ்வரி அந்த ஒரு பதிலை மட்டும் அளக்காமல் சொன்னாள்.

நான்காவது மாதம் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது. எடை குறைந்தும் ஏன் உடம்பு கனக்கிறது என்று யோசித்தாள். சாற்றில்தான் ஏதோ குறைகிறது என்று நினைத்து முருங்கைக்கீரையைச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, பிளஸ் ஒன் வகுப்புக்கு ப்யூரெட்டைத் தாங்கியில் மாட்டிக்கொண்டிருந்தவள் கண் இருட்டி அப்படியே சரிந்துவிட்டாள். கண்ணாடி உடைந்த சத்தம்தான் கடைசியாகக் கேட்டது. நல்லவேளை, ப்யூரெட்டில் எதையும் ஊற்றியிருக்கவில்லை.

மறுநாள் அழகுமலை வண்டியிலேயே திருச்சிக்குக் கூட்டிப் போனான். ரத்தப் பரிசோதனையில் புரதம் குறைவு, இரும்பு குறைவு, வைட்டமின் பி பன்னிரண்டு குறைவு. டாக்டர் மாத்திரைகளையும் ஊசியையும் எழுதிவிட்டு, சரண்யாவிடம் அனுப்பினார்.

சரண்யா கோபப்படவில்லை. "நேத்து எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன உள்ள போச்சுன்னு வரிசையாச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

பிரகதீஸ்வரி மில்லி சுத்தமாகச் சொன்னாள். வெள்ளைப்பூசணி இருநூறு, சுரைக்காய் நெல்லி இருநூற்றைம்பது, தக்காளி புதினா இருநூறு, முருங்கைக்கீரைச் சாறு நூறு, மோர் நூற்றைம்பது, பருப்புத் தண்ணீர் நூறு. சரண்யா ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எண்ணை எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் கூட்டித் தாளைத் திருப்பி வைத்தாள்.

"இது என்ன, மேடம்?"

"புரதம். நேத்து முழுக்க உங்களுக்குக் கிடைச்சது பதினொரு கிராம். வேண்டியது அறுபதுக்குக் குறையாம."

 பிரகதீஸ்வரி அந்தப் பதினொன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜூஸ் நல்லாத்தான் போடுறீங்க. எவ்வளவுன்னு சரியாவும் அளந்திருக்கீங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்கலையே" என்றாள் சரண்யா. "சாறு தாகத்துக்கு, ருசிக்கு, கொஞ்சம் சத்துக்கு. அது சாப்பாடு ஆகாது. ஒடம்பு தனக்கு வேண்டிய புரதம் வெளியிலேர்ந்து வரலைன்னா சதையிலேர்ந்து எடுத்துக்கும். முடிக்குக் குடுக்கிறத மொதல்ல நிறுத்திரும்."

அப்போதுதான் பிரகதீஸ்வரி முட்டை நெஞ்சில் நின்றதைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. வாசலில் நின்றிருந்த அழகுமலைக்கும் அது புதுச் செய்தி.

வண்டியில் திரும்பி வரும்போது விராலிமலை தாண்டியதும் அவன், "பயமா இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டான்.

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றாள்.

வீட்டில் மூக்காயியிடம் அவளே சொன்னாள். மூக்காயி தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. "முட்டைய அவிச்சா கல்லுத்தான். பிள்ளைக்குப் பல்லு மொளைக்காதப்ப எப்படிக் குடுத்தோம்? பால்ல அடிச்சு ஆவில வச்சுத்தான குடுத்தோம்" என்றாள். ஒரு முட்டையைக் கொஞ்சம் பாலில் அடித்து, மிளகுத்தூள் தூவி, கிண்ணத்தோடு இட்லிப் பானையில் வைத்து எடுத்தாள். அது நடுங்கிக்கொண்டே தட்டில் இறங்கியது. பிரகதீஸ்வரி குழந்தைக் கரண்டியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். அது பாட்டுக்குக் கரைந்து போயிற்று. அரை மணி நேரத்தில் முட்டை முழுவதையும் சாப்பிட்டாள். நெஞ்சில் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மருமகளும் மாமியாரும் சேர்ந்தே பார்த்தார்கள். கண்மாயில் பிடித்த விரால் மீனை அழகுமலை வாங்கி வந்தான். மூக்காயி அதை அவித்து முள் எடுத்து, பஞ்சு பஞ்சாக உதிர்த்துக் கொடுத்தாள். மோரில் கொழுப்பெடுத்த பால்பொடியைக் கலந்தால் வாடையும் இல்லை, புரதமும் ஏறுகிறது என்று பிரகதீஸ்வரி கண்டுபிடித்தாள். பாலைத் திரித்துப் பனீர் எடுத்தபோது வடியும் பச்சை நிறத் தண்ணீரில் வெள்ளரிச் சாறு கலந்து குடிக்கலாமா என்று யோசித்தாள். அதில்தான் புரதமெல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு ஓர் எண்ணம். சரண்யாவிடம் கேட்டாள். "அதுல கொஞ்சந்தான் அக்கா. திரிஞ்சு நிக்கிற கட்டியத்தான் சாப்பிடணும்" என்று பதில் வந்தது. இந்த முறை கேட்ட பிறகுதான் செய்தாள்.

முதலில் புரதம், அரை மணி நேரம் கழித்துச் சாறு என்று நாள் ஒழுங்குக்கு வந்தது. பள்ளிக்கு எடுத்துப்போன இரண்டு பாட்டில் ஒன்றாயிற்று. அதன் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வந்து சேர்ந்தது. ஏழாவது மாதம் நெற்றியோரம் குட்டை குட்டையாகப் புது முடி நின்றது. அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மூக்காயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள், சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வயிற்றில் ஏதோ மெல்லச் சுரண்டுவது போல இருந்தது. வலி இல்லை, வாய் ஆசையும் இல்லை. அது பசி என்று புரிய சற்று நேரம் ஆனது. கொஞ்சம் பயந்தாள். டப்பாவைத் திறந்து நாலு கரண்டி சாப்பிட்டதும் அது அடங்கிவிட்டது. முன்பெல்லாம் நாலு கரண்டியில் அடங்கியதே இல்லை.

வருடம் முடியும்போது எடை எழுபத்தொன்பது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் ஒன்றாகக் குறைத்திருந்தார். சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. கைச்சதை தொங்குகிறது, ரவிக்கையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கிறது. விசேஷ வீடுகளில் இலை போட்டால் பாதிக்கு மேல் மிச்சம் வைக்கிறாள் என்று ஒரு பேச்சும் உண்டு. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சென்ற மாதம் அருள்மணியின் மனைவி கண்ணாத்தாளுக்கு அதே ஆபரேஷன் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் திருமயத்துக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாத்தாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க என்ன ஜூஸ் குடிச்சு இம்புட்டு எளைச்சீங்கக்கா? அதச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

"எந்த ஜூஸும் எளைக்க வைக்காது" என்றாள் பிரகதீஸ்வரி. "நான் ஜூஸ மட்டும் குடிச்சு மயங்கி விழுந்த கதையச் சொல்றேன், கேளுங்க." மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சில் முட்டை நின்றதையும், போனில் பொய் சொன்னதையும்கூட.

பிறகு இரண்டு பேரும் சமையலறைக்குப் போனார்கள். கண்ணாத்தாளுக்குச் சுரைக்காய்ச் சாறு சுகமாக இறங்குகிறது. சாத்துக்குடி மூன்றுக்கு ஒன்று கலந்தால் எரியவில்லை. ஆனால் மோரும் பாலும் சேரவில்லை. இரண்டு வாய் குடித்தாலே வயிறு உப்பி, உருட்டுகிறதாம். பிரகதீஸ்வரிக்கு அது நம்பிக்கையாக இல்லை. மோர் யாருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்? எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், புளித்த மோரா, புது மோரா, ஆபரேஷனுக்கு முன்னால் ஒத்துக்கொண்டதா என்று கேட்டுக்கொண்டே போனாள். கண்ணாத்தாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முன்பு சொம்பு சொம்பாகக் குடித்தவள்தானாம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரே டாக்டர், ஒரே ஆபரேஷன், ஒரே தாள். கண்ணாத்தாளுக்கு மட்டும் மோர் ஏன் சேரவில்லை? வண்டி கிளம்புவதற்குள் சரண்யாவுக்கு போன் போட்டாள்.

"சொல்லுங்க அக்கா. உங்களுக்கு என்ன செய்யுது?"

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்கேன். இன்னொருத்தங்களுக்கு மோர் சேர மாட்டேங்குது. அது ஏன்னு தெரிஞ்சுக்கணும். அவங்களுக்குப் பாலும் இல்லாம மோரும் இல்லாம அறுபது கிராம் எப்படிக் கொண்டுவரதுன்னும் சொல்லணும். பஸ்ஸுலதான் இருக்கேன், நேரம் இருக்கு. மெதுவாச் சொல்லுங்க."